வெந்தும் சிவக்காத நண்டு

நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் போன மாதம் என்னை அழைத்து ஒரு படம் காட்டினார்கள். நண்டுக்கு நிறம் கொடுக்கிற ஜீன் ஒன்றின் எழுத்துகள் கம்ப்யூட்டர் திரை முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. நண்டின் கால் நுனியைக் கிள்ளி அனுப்பினால் போதுமாம், சில நாட்களில் விடை வந்துவிடுமாம். "அந்தக் காலத்துல நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். "தொட்டியில வளர்த்துப் பார்த்தோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வருஷமும் ஒரு குடும்பத்தின் கதையும் இருந்தன. அதைச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பாக்கியம். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தேன். இரு நாட்டு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி எங்களைக் கப்பலேற்றி ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டார்கள். மண்டபம் முகாமில் சில மாதம் இருந்துவிட்டு, மலை என்றால் பழகிய குளிர்தானே என்று அப்பா எங்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டி வந்தார். நாயுடுபுரத்தில் ஒற்றை அறையில் ஆறு பேர். பத்தாவது வரை படித்திருந்த எனக்கு, சமவெளிக் கல்லூரி ஒன்று அங்கே நடத்திவந்த சிறிய ஆய்வு நிலையத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை கிடைத்தது. எழுபதுகளின் நடுவில் அது. கழுவுவதில் தொடங்கி, எடை போட, வடிகட்ட, பதிவு எழுத என்று கற்றுக்கொண்டு, நான்கைந்து வருஷத்தில் ஆய்வக உதவியாளர் ஆனேன்.

நிலையத்தின் பொறுப்பு டாக்டர் ஜெயசீலனிடம் இருந்தது. ஒடிசலான மனிதர். குளிருக்குக் குல்லாய், கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு. உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார், நண்டுகளையும் சேர்த்து. முட்டை சுமக்கும் பெண் நண்டைத் தூக்கும்போது, "அந்தம்மாவ மெதுவா எடுங்க, பிள்ளத்தாச்சி" என்பார். ஒரு குழாயைக் கழுவி வைத்தால் முகர்ந்து பார்ப்பார். சோப்பு வாசனை இருந்தால் ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் தொட்டியில் போட்டுவிடுவார். நான் ஏதாவது சொன்னால் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்விதான்: "பாத்தீங்களா, நெனைக்கிறீங்களா?" முதல் வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன்.

எங்கள் வேலை நண்டு, இறால் வகைகளின் நிறத்தைப் பற்றியது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற கரோட்டின் குடும்பத்துப் பொருள்தான் நண்டின் ஓட்டிலும் இருக்கிறது. நண்டால் அதைத் தானாக உண்டாக்க முடியாது. இலை, பாசி என்று தின்பதிலிருந்து மஞ்சள் கரோட்டினை எடுத்து, உடம்புக்குள் படிப்படியாக மாற்றிச் சிவப்பாக்கிக்கொள்ளும். உயிரோடு இருக்கும்போது அந்தச் சிவப்பு ஒரு புரதத்தோடு கட்டுண்டு பழுப்பாகவோ நீலமாகவோ தெரியும். வேகவைத்தால் கட்டு அவிழ்ந்து சிவப்பு வெளியே வரும். சமையல்கட்டில் எல்லோரும் பார்ப்பது அதுதான்.

அதைப் பிரித்துப் பார்ப்பது பொறுமையான வேலை. வெளிச்சம் பட்டால் நிறம் அழிந்துவிடும் என்பதால் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டுவோம். நண்டின் ஓட்டைக் கல்லுரலில் இட்டு, அசிட்டோன் ஊற்றி அரைக்க வேண்டும். வடிகட்டிய சாற்றை, வெள்ளை மாவு பூசிய கண்ணாடிப் பலகையின் அடியில் ஊசிமுனை அளவு பொட்டாக வைக்க வேண்டும். பெயர் எழுதுவது பென்சிலில்தான், மை என்றால் கரைந்து ஓடும். பலகையின் கீழ் விளிம்பைத் திரவத்தில் நிறுத்தினால், திரவம் ஏற ஏறப் பொட்டு பிரிந்து ஏணிப்படி போலத் தெரியும். உச்சிப்படியில் மஞ்சள் கரோட்டின், கீழே இறங்க இறங்க ஆரஞ்சு, அடியில் செம்பவழம் போன்ற சிவப்பு. பலகை ஈரமாக இருக்கிற அந்தச் சில நிமிஷம் மட்டும் நிறம் பிரமாதமாக இருக்கும். அதைப் பார்க்க எனக்கு எத்தனை வருஷமானாலும் அலுக்கவில்லை.

எழுபதுகள் முடியப்போகிற சமயம், ஒரு மழைக்காலக் காலையில் பக்கத்து மலைக்கிராமமான வடகவுஞ்சியிலிருந்து நாலைந்து பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்த வேலம்மாள் என்ற பெண்ணின் கையில் ஒரு தூக்குவாளி. மூடியைத் திறந்து காட்டினார். நண்டுகள் வெந்து கிடந்தன. ஒன்றுகூடச் சிவக்கவில்லை. சுண்ணாம்புக் கல் போல வெளுத்திருந்தன.

"நீங்கதான நண்டு டாக்டரு? இதப் பாருங்கய்யா. ரெண்டு தரம் வேக வச்சேன், செவக்கவே இல்ல. இதோட ரசத்தக் குடிச்சிட்டு எம்மக ராவெல்லாம் வாந்தி. இப்பத்தேன் கண்ணத் தொறந்திருக்கா. அந்தச் சிலோன்காரன் பீன்ஸுக்கு மருந்தடிச்ச டின்ன ஓடையில கழுவுறான். ஓடை பூராம் வெசமாக் கெடக்கு."

சிலோன்காரன் என்று அவர் சொன்னது செல்லையாவை. எங்களைப் போலவே கப்பலில் வந்தவர். மண்டபம் முகாமில் அவர் மனைவி லெட்சுமி எங்களுக்கு அடுத்த கொட்டகையில்தான் இருந்தாள். வடகவுஞ்சியில் ஒருவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஓடையோரம் குடிசை போட்டு, பீன்ஸ் விளைவித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் அந்த நிலத்துக்காரரும் இருந்தார். "வெசமுன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுங்க, இன்னைக்கே வெளியேத்திப்புடுறேன்" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா சொல்றேன்" என்றார் டாக்டர்.

உயிருள்ள வெளுத்த நண்டுகளைப் பிடித்து வரச் சொன்னார். இரண்டு நாளில் வந்தன. சாம்பல் கலந்த வெள்ளையில், மற்றபடி சுறுசுறுப்பான நண்டுகள். அரைத்துப் பலகையில் ஏற்றினோம். ஏணியின் உச்சியில் மஞ்சள் பளிச்சென்று வந்தது. கீழே எதுவுமே இல்லை. சிவப்பு வர வேண்டிய இடம் வெறும் மாவாக இருந்தது.

"சாமான் வந்து சேருது. உள்ள வேலை நடக்கல" என்றார் டாக்டர். தின்கிற கரோட்டின் உடம்புக்குள் போகிறது, அதைச் சிவப்பாக்குகிற படி மட்டும் உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

"அப்ப பிறவியிலேயே வந்த குறை. விஷம் இல்லதானே சார்?"

"பாத்தீங்களா, நெனைக்கிறீங்களா? விஷமும் அதே படிய ஒடைக்கலாமில்ல?"

ஓடைத் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்துக் கீழே பெரிய ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். அந்த மருந்தைக் கண்டுபிடிக்கிற கருவி எங்களிடம் இல்லை என்று அவர்கள் எழுதிவிட்டார்கள்.

அந்த வாரமே செல்லையா நிலையத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஐயா, டின்னு ஒரு தடவ கழுவினேன். பொய் சொல்ல எனக்கு ஏலாது. அதுக்கப்புறம் கழுவல. ஊர்ல எல்லாருந்தான் மருந்து அடிக்கிறாங்க. ஓடையில எங்க தோட்டத்துக்கு மேல போய்ப் பாருங்க. அங்கயும் இந்த வெள்ள நண்டு இருந்தா, அது என்னால வந்தது இல்லதானே?"

நியாயமான யோசனை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பி வடகவுஞ்சி போனோம். ஊரில் பாதிப்பேர் கூடவே வந்தார்கள். செல்லையாவின் தோட்டத்தை ஒட்டியே மூன்று ஆள் உயரப் பாறையிலிருந்து ஓடை அருவியாக விழுகிறது. பாறையைச் சுற்றி ஏறி, மேலே ஒவ்வொரு கல்லாகப் புரட்டினோம். செல்லையாதான் எல்லோருக்கும் முன்னால் தண்ணீரில் இறங்கித் தேடினார். ஒவ்வொரு நண்டையும் என்னிடம் காட்டுவார், நான் நோட்டில் கோடு போடுவேன். பழுப்பு, பழுப்பு, பழுப்பு. மத்தியானம் வரை தேடியும் ஒரு வெள்ளை நண்டுகூட இல்லை. அருவிக்குக் கீழே இறங்கிய உடனே, செல்லையாவின் தோட்டத்து ஓரத்திலேயே, முதல் கல்லுக்கு அடியில் வெள்ளை நண்டு இருந்தது.

செல்லையா தண்ணீரிலேயே நின்றார். கரையில் லெட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த நோட்டை மறைக்க வேண்டும் போல இருந்தது.

டாக்டர் மட்டும் அருவிப் பாறையையே வெகுநேரம் பார்த்துவிட்டு, அதைத் தன் நோட்டில் படமாக வரைந்துகொண்டார். இந்த மனுஷனுக்கு இந்த நேரத்தில் படம் வரைகிற சோலியா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தை ஊர் ஒதுக்கியது. அவர்கள் பீன்ஸை லாரியில் ஏற்ற மறுத்தார்கள். அவர்கள் வீட்டுத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. நிலத்துக்காரர் அறுவடை வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் ஒரு கடிதத்தைக் கையால் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். நண்டு வெளுத்ததற்கு விஷம் காரணம் இல்லை என்று ஒரே வரி.

"கையெழுத்துப் போடுங்க சார். ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துடும்."

அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது எனக்குத் தெரியாது, பாக்கியம். தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப எப்பத் தெரியும்?"

"இந்த நண்டுக பிள்ள பெத்து, அதுக பிள்ள பெத்தாத் தெரியும்."

அறுவடை முடிந்ததும் செல்லையா குடிசையைப் பூட்டிவிட்டு மனைவியோடு வத்தலக்குண்டுக்குப் போய்விட்டார். நான் வழியனுப்பப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? டாக்டரிடம் ஒரு மாதம் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை.

அதன் பிறகுதான் அந்த மூன்று வருஷம். நிலையத்தின் பின்னால் பழைய பூச்செடிக் கண்ணாடிக் கொட்டகை ஒன்று இருந்தது. குளிரில் நண்டு வளராது என்பதால் அதற்குள் மண்சட்டிகளை வரிசையாக வைத்தோம். சட்டிக்கு ஒரு நண்டு. சேர்த்துப் போட்டால், ஓடு கழற்றி மெத்தென்று கிடப்பதை மற்றது தின்றுவிடும். முதுகில் அடையாளம் வைத்தாலும் ஓட்டோடு சேர்ந்து கழன்றுவிடும், ஆகவே சட்டிக்குத்தான் எண். ஊற்றுத் தண்ணீர், வேகவைத்த கேரட், காய்ந்த இலை. மருந்து வாசனை படாத தீனி வேண்டும் என்று கேரட்டை நானே கொட்டகைக்குப் பின்னால் பயிரிட்டேன். தண்ணீர் மாற்றாமல் ஒரு நாள் போனதில்லை. பொங்கலன்றும் போனேன். என் கல்யாணத்துக்கு முதல் நாளும் போனேன்.

ஓடை நண்டுக்குக் கடல் நண்டு மாதிரி மிதக்கும் குஞ்சுப் பருவம் கிடையாது. தாயின் வயிற்று மடலுக்குள்ளேயே முட்டை பொரிந்து, மிளகு அளவு முழு நண்டுகளாக வெளியே வரும். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தவற்றுக்கு எல்லாக் குஞ்சும் வெள்ளை. ஒருநாளும் அந்த ஓடையைப் பார்க்காத குஞ்சுகள். நான் துள்ளிக் குதித்தேன். டாக்டர் கிராம்பை மென்றபடி, "தாய் உடம்புல இருந்த விஷம் முட்டை வழியா வந்திருக்கலாம்" என்றார். வெள்ளையையும் அருவிக்கு மேலேயிருந்து பிடித்த பழுப்பையும் சேர்த்தோம். அத்தனை குஞ்சும் பழுப்பு. அவற்றை வளர்த்துப் பெரிதாக்கி, தங்களுக்குள் சேர்த்தோம். இடையில் ஒரு குளிர்காலத்தில் உறைபனி விழுந்து பாதிச் சட்டிகள் போயின. செத்ததை எல்லாம் எடுத்து வெளியே போட்டுவிட்டு மிச்சத்தைக் கம்பளி போட்டு மூடினேன்.

மூன்றாம் வருஷம் கோடையில் பேரக்குஞ்சுகள் பொரிந்தன. அவை இரண்டு மூன்று தடவை ஓடு கழற்றும் வரை நிறம் சரியாகத் தெரியாது. ஒரு காலை நான் கொட்டகைக்குள் போனபோது, டாக்டர் எனக்கு முன்னால் வந்து ஒரு சட்டியின் முன் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். தாய் பழுப்பு, தகப்பன் பழுப்பு. ஏறக்குறையக் கால்பங்கு குஞ்சுகள் வெள்ளை. பிறப்பிலேயே மறைந்து வந்து, இரண்டு பக்கமும் சேரும்போது வெளியே தெரிகிற குறைக்கு அதுதான் கணக்கு. விஷம் இப்படி நாலில் ஒன்றாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்காது.

அருவிப் பாறையை ஏன் வரைந்தார் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. கீழே இருப்பவை அந்தப் பாறையைத் தாண்டி மேலே ஏற முடியாது. செல்லையா வருவதற்கு முந்தின வருஷங்களில் மழை பொய்த்து ஓடை குட்டை குட்டையாக வற்றியிருந்தது. கீழே தப்பிப் பிழைத்த கொஞ்ச நண்டுகளுக்குள் அந்தக் குறை இருந்திருக்க வேண்டும். அவற்றின் வாரிசுகள்தான் பெருகியிருந்தன. செல்லையாவின் தோட்டம் அந்தப் பாறையடியில் அமைந்துபோனது அவருடைய கெட்ட நேரம்.

"சார், அன்னைக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டார். "விஷம் இல்லைன்னு எழுத எனக்கு ஆதாரம் இல்ல. விஷம்னு சொல்லவும் ஆதாரம் இல்ல. ரெண்டாவத எழுதிக் குடுத்திருக்கலாம். அது எனக்கு அன்னைக்கே தெரிஞ்ச விஷயம். எழுதல. அந்தக் குடும்பம் இப்ப எங்க இருக்குன்னு விசாரிங்க."

குஞ்சுகள் சமைக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகு, அவர்களை அழைத்து வர நான்தான் வத்தலக்குண்டுக்குப் போனேன். ஒரு அரிசி ஆலையில் இருவரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். லெட்சுமியின் தலைமுடி தவிட்டுத் தூசியில் நரைத்தது போல இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். செல்லையா, "இப்ப எதுக்கு?" என்று திரும்பவும் மூட்டை தூக்கப் போய்விட்டார். லெட்சுமி மட்டும் நின்றாள்.

"மூனு வருஷம் நண்டுக்குத் தண்ணி மாத்தினேன்னு சொல்ற. எங்கள ஒரு நா வந்து பாக்க ஒனக்கு ஏலாமப் போச்சா, பிள்ள?"

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இரு, அவர நான் கூட்டியாறேன்" என்றாள்.

வடகவுஞ்சிப் பள்ளிக்கூடத்து முன்னால் ஊர் கூடியிருந்தது. டாக்டர் பம்ப் அடுப்பு ஒன்றைப் பற்றவைத்து, அதில் அலுமினியப் பாத்திரத்தை ஏற்றினார். ஒரே தாயின் வயிற்றில் பிறந்து, எங்கள் கொட்டகையிலேயே வளர்ந்து ஆளான நண்டுகளைக் கொண்டுபோயிருந்தோம். பழுப்பும் வெள்ளையும் கலந்து.

"ஒரே தாய், ஒரே தண்ணி, ஒரே தீனி. இது எதுவும் உங்க ஓடையப் பாத்ததில்ல" என்று சொல்லி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார். தண்ணீர் கொதித்தது. கூட்டம் நெருங்கி வந்தது. "ஏலே, தள்ளுங்கலே, தெரியல" என்று பின்னாலிருந்து சத்தம். கரண்டியால் அள்ளித் தட்டில் கொட்டினார். பழுப்பாக இருந்தவை செக்கச்செவேலென்று சிவந்திருந்தன. அவற்றின் உடன்பிறப்புகள் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தன.

"பிறவிக் குணம். செல்லையாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அன்னைக்கு விஷம்னு சொல்ல எந்தச் சாட்சியும் இல்லைன்னு நான் வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு" என்றார் டாக்டர். இத்தனை பேர் முன்னால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

வேலம்மாளின் மகளுக்கு அன்று ஏன் வாந்தி வந்தது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதையும் தெரியாது என்றே டாக்டர் சொன்னார். அந்தப் பெண் அம்மாவின் பக்கத்தில் பாவாடை தாவணியில் வளர்ந்து நின்றாள். ஒரு வயசாளி, தன் சிறுபிராயத்திலேயே எப்போதாவது ஒரு வெள்ளை நண்டு அந்த ஓடையில் அகப்பட்டதுண்டு என்று அப்போதுதான் நினைவுகூர்ந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரை யாரும் கேட்கவில்லை.

நிலத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "நெலம் சும்மாதேன் கெடக்கு, செல்லையா. வந்து வெரசா வெதையப் போடு."

செல்லையா எல்லோரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார்: "நெலம் வேணாமுன்னு நான் சொல்லல. நீங்க எங்க வீட்டுத் தண்ணிய வேணாமுன்னு சொன்னீங்க. அதக் குடிங்க. அப்புறம் பேசுவோம்."

ஊர் முழுக்க ஓடையோரம் போனது. குடிசையின் பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது, கல்லால் தட்டித்தான் திறந்தார்கள். லெட்சுமி உள்ளே போய், பரணில் விட்டுப்போன பித்தளைச் செம்பைத் தேடி எடுத்து மண்போட்டுத் தேய்த்தாள். ஓடையில் இறங்கித் தண்ணீர் மொண்டுகொண்டு வாசலில் வந்து நின்றாள். யாரும் அசையவில்லை.

முதலில் வேலம்மாள் வந்தார். செம்பை இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, மடமடவென்று குடித்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "எம்புள்ளைக்கு முடியலங்கிற பயத்துல பேசிப்புட்டேன் தாயி" என்றார். லெட்சுமி தலையை மட்டும் அசைத்தாள். பிறகு நிலத்துக்காரர். அதன் பிறகு தானாகவே ஒரு வரிசை உண்டானது. வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ ஆளாக, குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரும் நின்றார். அவருடைய முறை வந்தபோது கிராம்பைத் துப்பிவிட்டு வாங்கிக் குடித்தார்.

நான் கடைசியாக நின்றேன். என்னிடம் வரும்போது செம்பு காலி. லெட்சுமி அதை என்னிடம் கவிழ்த்துக் காட்டினாள். அவ்வளவுதான், எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடியும் ஓடைக்குள் இறங்கினாள். மொண்டு வந்து நீட்டினாள்.

"குளுந்த தண்ணி. மெதுவாக் குடி பிள்ள" என்றாள்.